அறுத்த பலகையும் கரையில் நிற்போரும்: மூங்கின் மரவெட்டோவியமொன்றை மன்னார்க் கரையிலிருந்து நோக்கல்

1

நோர்வே நாட்டு ஓவியரான எட்வர்ட் மூங்க் (1863–1944) 1899ஆம் ஆண்டிற் செதுக்கிய மரவெட்டோவியமொன்று ‘இரு மனிதர்: தனித்தோர்’ என்னும் பெயரால் வழங்குகின்றது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கடற்கரையில் எமக்கு முதுகு காட்டி நிற்கின்றனர். பெண் வெளிர்நிற ஆடையுடனும் விரித்த கூந்தலுடனும் காணப்படுகின்றாள். ஆண் கரிய உடையினன். அவளுக்குச் சற்றுப் பின்னே நிற்கின்றான். இருவருக்கும் முன்னே கடல். படத்திற் காணப்படுவது இவ்வளவே. படகில்லை, வலையில்லை, வேறு மாந்தருமில்லை.

இவ்வோவியத்தை நவீன மனிதனின் தனிமைக்குச் சின்னமாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. கடல் முடிவின்மையின் குறியீடென்றும், ஆணும் பெண்ணும் அருகருகே நின்றும் ஒருவரையொருவர் எய்த முடியாதோரென்றும், தனிமை மனித இருப்பின் மாறா இயல்பென்றும் அவ்விளக்கம் விரியும். ஓவியத்தின் தலைப்பே அதற்கு இடந்தருவதால் அவ்விளக்கத்தைத் தவறென்று நாம் தள்ளிவிடவில்லை. ஆயினும் அது முழுமையானதன்று என்பதும், ஓவியம் ஆக்கப்பட்ட முறையைக் கருத்திற்கொண்டு நோக்கின் அதற்கு மாறானதொரு பொருளும் அதனுள் அமைந்திருத்தல் புலனாகும் என்பதும் எமது துணிபு.

இத்தகைய படைப்புகள் எமக்கு நூல்களில் அச்சான நிழற்படங்களின் வாயிலாகவே பெரும்பாலும் வந்து சேர்கின்றன. அவ்வாறு வரும்போது பலகையின் தடமும் வாளின் தடமும் மங்கி, உருவம் மட்டுமே எஞ்சுகின்றது. உருவத்தை மட்டும் கண்டவர் ‘தனிமை’ என்னும் கருத்தை மட்டுமே காண்பது வியப்பன்று. பலகைக்குத் திரும்பிச் செல்வதும், அங்கு பெற்ற விளக்கத்தை மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் வாழும் மக்களின் கடலனுபவத்தில் உரைத்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மூங்க் மரவெட்டுக் கலையில் ஈடுபடத் தொடங்கியது 1896இல், பாரிசில் வாழ்ந்த காலத்திலாகும். பல வண்ணங்களில் மரவெட்டு அச்சிடுவோர் அக்காலத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு பலகையைத் தனித்தனியே செதுக்கி, ஒரே தாளின்மீது ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பது மரபு. மூங்க் வேறொரு வழியைக் கண்டார். ஒரே பலகையில் உருவத்தைச் செதுக்கிய பின்னர், மெல்லிய வாளினால் அப்பலகையையே உருவங்களின் ஓரமாக அறுத்தெடுத்தார். துண்டுகளுக்குத் தனித்தனியே மை பூசி, மீண்டும் ஒன்றாகப் பொருத்தி, ஒரே முறையில் தாளிற் பதித்தார். நாம் எடுத்துக்கொண்ட ஓவியத்திற் கடல் ஒரு துண்டு; பெண் ஒரு துண்டு; கரையும் அதனோடு ஒட்டிய ஆணும் ஒரு துண்டு.

இச்செய்முறை வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று; பொருள் விளக்கத்துக்கு அடிப்படையானதும் அதுவே. மூன்று உண்மைகள் இதிலிருந்து பெறப்படும். முதலாவது, மனிதரும் கரையும் கடலும் ஒரே மரத்திலிருந்து வந்தவை என்பது. மூங்கின் ‘முத்தம்’ என்ற மரவெட்டைக் கண்டோர், பலகையின் நார்வரிகள் அங்கு பின்னணி முழுவதையும் நிறைத்து நிற்பதை அறிவர். மரம் தன்னை மறைத்துக்கொள்ளாத கலை அது. இரண்டாவது, மனிதருக்கும் இயற்கைக்கும் இடையில் நாம் காணும் பிரிவு மரத்தில் முன்பே இருந்ததன்று. கையும் கருவியும் கொண்டு செய்யப்பட்டது. மூன்றாவது, துண்டுகள் மீண்டும் பொருத்தப்படினும் வாள் சென்ற வழியில் மை படியாத மெல்லிய வெண்கோடு தாளில் எஞ்சுகின்றது. அக்கோடு ஓவியர் வரைந்ததன்று. இழந்த மரத்தூளின் தடம்.

‘தனித்தோர்’ என்னும் பெயருக்கு இவ்வெண்கோட்டிலிருந்தே பொருள் காணவேண்டும் என்பது எமது கருத்து. தனிமை இங்கு மனிதனின் பிறவிக் குணமாகக் காட்டப்படவில்லை. அது அறுக்கப்பட்டு ஆக்கப்பட்டதொரு நிலையாகவே உள்ளது. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் இயற்கையை மனிதனின் அங்ககமல்லாத உடலெனக் கொண்டார் என்பதும், உழைப்பு அந்நியமாகும்போது மனிதன் அவ்வுடலிலிருந்தும் அந்நியமாகின்றான் என அங்கு வாதிட்டார் என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கன. மூங்க் மார்க்சியரல்லர், அவரை அவ்வாறு ஆக்க வேண்டிய தேவையும் எமக்கில்லை. ஆயினும் ஓவியரின் கருத்து ஒரு திசையிற் செல்ல, அவரது கையும் கருவியும் வேறொரு திசையிலுள்ள உண்மையைப் பதிவு செய்துவிடுவது கலை வரலாற்றில் அரிதன்று.

இவ்வழியைப் பின்னர் ஜேர்மானிய வெளிப்பாட்டுவாதிகள் விரிவுபடுத்தினர். 1905இல் திரெஸ்டன் நகரில் ‘பாலம்’ என்னும் பொருள்படும் பெயருடன் குழுவாகிய கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப் ஆகியோர் மரவெட்டைத் தம் தலையாய ஊடகங்களுள் ஒன்றாக்கினர். 1906இல் வெளிவந்த தமது கொள்கைப் பிரகடனத்தைக்கூட கிர்ஷ்னர் மரத்திலேயே செதுக்கினார். உளியின் தடத்தைத் தேய்த்து மழுப்பாமல் அப்படியே விட்டது அவர்களின் சிறப்பு. மூங்க் இவ்வியக்கத்தின் முன்னோடியாக மதிக்கப்பட்டவர். 1937இல் நாஸி அரசு ஜேர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய படைப்புகள் 82ஐப் பறிமுதல் செய்து, ‘சீரழிந்த கலை’ என்று பழித்தது. மனிதனுக்கும் மண்ணுக்கும் பிளவற்ற தொடர்புண்டெனப் பொய்யாகப் பறைசாற்றியோர், பிளவைக் காட்டிய கலையைப் பொறுக்கவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

3

தமிழ்மரபிற் பயின்ற ஒருவர் இவ்வோவியத்தைக் காணும்போது நெய்தற்றிணையை நினையாதிருத்தல் அரிது. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருட் பாகுபாட்டில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், மாந்தர், உணவு, விலங்கு, பறவை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் அகவொழுக்கம் உரிப்பொருள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் நின்று ஏங்கும் மாந்தரை எமது புலவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாடிவிட்டனர் என்று கூறி, மூங்கின் ஓவியத்தை நெய்தற் பாடலொன்றின் சித்திரம் எனக் கொள்வோரும் இருக்கக்கூடும்.

இவ்வொப்புமை மேலோட்டமானது. இரண்டு காரணங்களால் அதனை நாம் ஏற்க இயலாது. முதலாவதாக, நெய்தலின் இரங்கலுக்கு ஒரு புறப்பொருள் உண்டு. பிரிந்து சென்ற ஒருவன் உளன், அவன் வரவேண்டும், வரவில்லை. மூங்கின் மாந்தர் எவரையும் எதிர்நோக்கி நிற்பதாகத் தெரியவில்லை. பேசாலைக் கரையில் வளர்ந்த ஒருவரிடம் இப்படத்தைக் காட்டினால், ‘எந்தப் படகு இன்னும் கரைக்கு வரவில்லை?’ என்பதே அவர் மனத்தில் முதலில் எழக்கூடிய வினா. அவ்வினாவுக்குப் படத்தில் விடையில்லை. விடையில்லாமையே அப்படத்தின் வர்க்கச் சார்பைக் காட்டிவிடுகின்றது. மூங்க் 1898இல் மீனவர் வீடொன்றை விலைக்கு வாங்கி வாழ்ந்த ஒஸ்கோர்ட்ஸ்ட்ரான்ட் மீன்பிடி ஊராயினும், தலைநகரத்து மத்தியதர வகுப்பினர் கோடையிற் சென்று தங்கும் இடமாகவும் விளங்கியது. அக்கரையின் வளைவு அவரது படைப்புகள் பலவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றது. அங்கு கடலைத் தொழிற்களமாகக் கொண்டோரும் காட்சியாகக் கொண்டோரும் ஒரே கரையில் வாழ்ந்தனர். ஓவியத்தில் இடம்பெற்றோர் இரண்டாம் வகையினரே.

இரண்டாவதாக, நெய்தலின் கருப்பொருளுள் தொழில் இன்றியமையாதது. மீன் பிடித்தலும் உணக்கலும் உப்பு விளைத்தலும் இன்றி அத்திணை இல்லை. நற்றிணையின் 45ஆம் பாடலில், தேரேறி வரும் நகரத்துத் தலைவனைத் தோழி மறுத்துரைக்கின்றாள். எம் தலைவி கடலில் மீன் பிடிக்கும் பரதவர் மகள், யாம் உணங்கும் மீனுக்குப் புள்ளோட்டும் புலால் நாறும் பெண்கள், நீ செல்வன், விலகி நில் என்பது அவள் கூற்றின் சாரம். காதலுக்குக் குறுக்கே நிற்பது முடிவற்ற பெருவெளியன்று. தொழிலும் செல்வமும் வகுத்த வேற்றுமை. திணைக் கோட்பாட்டைப் பொருளாதார வளர்ச்சியின் சமனற்ற தன்மையோடு பொருத்தி ஆராய்ந்த கா. சிவத்தம்பியின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையும், சங்க இலக்கியத்தை வீரயுகப் பின்னணியில் வைத்து ஆராய்ந்த க. கைலாசபதியின் 1968ஆம் ஆண்டு நூலும் இவ்வகை வாசிப்புக்கு வழி திறந்தன. ஆகவே, பண்டைத் தமிழர் இயற்கையோடு ஒன்றி வாழ்ந்தனர் என்னும் பொதுக்கூற்று திணை மரபையே குறைத்து மதிப்பதாகும். அம்மரபு ஒருமையை மட்டுமன்றிப் பிளவையும் அறிந்திருந்தது.

மூங்கின் படத்தில் இல்லாத ஒன்றை மன்னார்க் கரை இன்னொரு காட்சியால் நிரப்புகின்றது. கரைவலை இழுப்போரை நிலத்துப் பக்கமிருந்து காண்போமாயின், அவர்களும் எமக்கு முதுகு காட்டிக் கடலை நோக்கியே நிற்பர். நிலையால் அவர்கள் மூங்கின் மாந்தரை ஒத்தவர். ஆனால் அவர்கள் கையிற் கயிறுண்டு. அக்கயிற்றின் மறுமுனையில் மடியும் மீனும் நீரோட்டத்தின் கனமும் உண்டு. அம்பாப் பாட்டின் சந்தம் இழுப்போரின் மூச்சோடு இணைவது கூட்டுழைப்பினால் விளைந்ததாகும். கரைவலைத் தொழிலிலும் சம்மாட்டிக்கும் வலை இழுப்போனுக்கும் பங்கு ஒன்றன்று. இக்காலத்திற் சில இடங்களில் உழவு இயந்திரத்தின் சுழலி மனிதர் பலரின் இடத்தைப் பிடித்தும் விட்டது. எனவே அக்கயிற்றையும் நாம் இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. கடல் பார்க்கப்படுவதாக மட்டும் மாறுவதற்கு முன்னர், தொடப்பட்டு, இழுக்கப்பட்டு, கனம் அறியப்பட்ட ஒன்றாக இருந்தது என்பதை மட்டும் அது எமக்கு உணர்த்துகின்றது.

4

அவ்வாறாயின் பலகையை அறுத்தது எது? மூங்கின் ஓவியம் இவ்வினாவை எழுப்புகின்றது, விடை தரவில்லை. மன்னார்க் கரையின் வரலாறு சில விடைகளைத் தரவல்லது.

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் பண்டு தொட்டு அரசுகளின் பார்வைக்கு உட்பட்டவை. பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்புக் கரையில் மாளிகையொன்றைக் கட்டுவித்தார். கிரேக்கத் தூணமைப்பின் பெயரால் ‘டொரிக்’ என ஆவணங்கள் கூறும் அம்மாளிகையை மக்கள் ‘அல்லிராணி கோட்டை’ என்றே வழங்கலாயினர். அந்நிய ஆட்சியாளனின் பெயர் மறைந்து, கதைகளில் வாழும் அரசியின் பெயர் நிலைத்தமை கவனிக்கத்தக்கது. அம்மாளிகையும் மேலேயிருந்து கடலை நோக்குவதற்கு அமைந்ததே. ஆனால் அங்கு நின்றவர் தனிமையை நோக்கவில்லை, வருமானத்தை நோக்கினார்.

குளிப்பு நடைபெறும் பருவங்களில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களிற் பல்லாயிரம் மக்கள் கூடும் தற்காலிகக் குடியிருப்புகள் தோன்றும். தமிழரும் முஸ்லிம்களும் அரபியரும் இடுப்பிற் கயிறும் காலடியிற் கல்லுமாகப் பார்களில் மூழ்கினர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடற்கட்டி’ என்னும் மந்திரக்காரருக்கும் இத்தொழிலில் ஊதியம் இருந்தது. கடலைப் பற்றிய அச்சமும் நம்பிக்கையுங்கூடக் கணக்கேட்டில் இடம்பெற்றன. கரைக்கு வந்த சிப்பி மூன்று கூறாக்கப்பட்டது. இரு கூறு அரசுக்கு. ஒரு கூறு மூழ்கியோருக்கு. அரசின் கூறு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. 1906இல் மறிச்சுக்கட்டிக் குளிப்பின்போது குடியேற்ற அரசின் இளம் உத்தியோகத்தராகப் பணியாற்றியவர் பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ஃப். அதே ஆண்டில் முத்துப்பார்கள் தனியார் நிறுவனமொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. கடலின் அடித்தளமே ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு துண்டாக அறுத்தெடுக்கப்பட்டது எனலாம். 1907இன் பின்னர் பார்கள் வறண்டன, நிறுவனமும் நிலைக்கவில்லை. இன்று டொரிக் மாளிகையின் எஞ்சிய சுவர்களைக் கடல் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருக்கின்றது.

இரண்டாவது அறுப்பு எல்லையின் பெயரால் நிகழ்ந்தது. 1914இல் தொடங்கிய கப்பற் சேவை தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீர்வழியால் இணைத்தது. 1964ஆம் ஆண்டுச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அது இயற்கையின் செயல். 1974இலும் 1976இலும் இரு நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் எல்லைக் கோடுகளை வகுத்தன. அவை மனிதர் செயல். மீனும் நீரோட்டமும் அறியாத அக்கோட்டுக்கு இருபுறத்தும் வாழ்வோர் ஒரே மொழி பேசுவோர். கோட்டைக் கடந்து வரும் இந்திய இழுவைப் படகுகளால் மன்னார்ச் சிறுதொழிலாளரின் வலைகள் அறுபடுகின்றன. கடலடித் தரையும் கிளறப்படுகின்றது. இலங்கையில் 2017இல் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும் இத்துயர் தீரவில்லை. இழுவைப் படகிற் கூலிக்குச் செல்பவனும் தொழிலாளியே என்பதால், இதனை இரு நாட்டு மீனவரின் பகையாக மட்டும் காண்பது படகுடைமையையும் ஏற்றுமதிச் சந்தையையும் மறைத்துவிடும்.

மூன்றாவது அறுப்பு மனிதரிடமிருந்து மனிதரைப் பிரித்தது. போர்க்காலத்திற் கடலுக்குச் செல்லும் நேரமும் தூரமும் படையினரின் அனுமதிக்கு உட்பட்டன. கரையில் நின்று கடலைப் பார்த்திருத்தல் அப்போது தெரிவன்று, கட்டாயம். 1990இல் உயிருக்கு அஞ்சிய தமிழர் பல்லாயிரவர் மன்னாரிலிருந்து இராமேசுவரம் நோக்கிப் படகேறினர். அதே ஆண்டு ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். ஒரே கடலில் ஒரே ஆண்டில் எதிரெதிர்த் திசைகளிற் சென்ற இவ்விரு பயணங்களையும் சேர்த்துப் பார்க்காத எந்த விளக்கமும் நேர்மையானதாகாது. முதலாவதைப் பாடி இரண்டாவதை மறந்த எழுத்துகள் எம்மிடையே உள்ளன. அவை வெண்கோட்டை மையால் மூடி மறைக்கும் படிகளை ஒத்தவை.

நான்காவது அறுப்பு எமது கண்முன் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ மின்னுற்பத்தி நிலையம் திறந்துவைக்கப்பட்டது. தீவின் மணலில் அடங்கிய இல்மனைற் முதலிய கனியங்களைத் தேடி வெளிநாட்டு நிறுவனங்களும் ஆய்வுத் துளைகள் இட்டன. 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தொடர் போராட்டத்தில் இறங்கினர். வங்காலைச் சதுப்புக்கு வந்து சேரும் பூநாரை முதலிய வலசைப் பறவைகளும், மழைநீர் வடிந்தோடும் வழிகளும், கரையோரத் தொழிலும் பாதிக்கப்படும் என்பது அவர்களது வாதம். காற்றிலிருந்து மின்சாரம் பெறுவது தன்னளவிற் குற்றமன்று. நிலக்கரியால் வெப்பமுறும் உலகுக்கு அது தேவையானதே. யாருடைய காற்று, யாருடைய மணல், யார் தீர்மானிப்பது என்பதே வினா. சோளகத்தையும் வாடையையும் கச்சானையும் கொண்டு தொழிற்பருவத்தைக் கணித்தவரிடம் அக்காற்றைப் பற்றி எவரும் கேளாதபோது, காற்றும் அறுத்தெடுத்த துண்டாகிவிடுகின்றது.

5

நோர்வே ஓவியமொன்றின்மீது மன்னாரின் துயரங்களை வலிந்தேற்றுகின்றோம் என்னும் மறுப்பு இங்கு எழக்கூடும். ஓவியர் கருதாததை ஓவியத்திற் காண்பது விமர்சனமாகாது என்பர். மூங்க் மன்னாரைக் கருதினார் என்று நாம் கூறவில்லை. அவர் ஒரு செய்முறையைக் கண்டுபிடித்தார். அச்செய்முறை, பிரிவு என்பது ஆக்கப்படுவது என்னும் உண்மையைக் கண்ணுக்குப் புலனாக்கிற்று. அவ்வுண்மை எங்கெல்லாம் பொருந்துமோ அங்கெல்லாம் அதனைச் சோதித்தறியும் உரிமை வாசகனுக்கு உண்டு.

அதே வேளையில் ஓவியத்தின் குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆண் கரையோடு ஒரே துண்டாக ஒட்டி நிற்க, பெண் மட்டும் தனித்துண்டாக அறுத்தெடுக்கப்பட்டுள்ளாள். நிலம் ஆணுக்கு, பெண்ணோ அயலாள் அல்லது புதிர். மூங்கின் காலத்து ஆண்நோக்கு இதிற் பதிந்துள்ளது. மன்னார்க் கரையில் மீன் கீறி உப்பிட்டு உணக்குவோரும், வலையில் மீன் கழற்றுவோரும், கரையிற் காத்திருப்போரும் பெரும்பாலும் பெண்களே. போரின் பின்னர், காணாமலாக்கப்பட்ட தம் உறவினருக்கு நியாயம் கேட்டு வீதியில் நின்றோரும் அவர்களே. அவர்களது இரங்கலுக்குப் பெயருண்டு, நாளுண்டு, பொறுப்புக் கூற வேண்டியோரும் உண்டு. அதனைக் காலங்கடந்த தனிமையாக்குவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

முற்போக்குக் கலையின் மறுபக்கக் குறை ஒன்றையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். எமது விமர்சன மரபிற் பெரிதும் போற்றப்பட்ட மரவெட்டுக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ். ‘போர்’ என்னும் அவரது மரவெட்டுத் தொகுதி 1921, 1922ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. அத்தொகுதியின் ‘பலி’ என்னும் படத்தை லூ சுன் 1931இற் சீன வாசகருக்கு அறிமுகஞ்செய்தார். சீன மரவெட்டு இயக்கத்துக்கு அது ஊக்கமளித்தது. வங்கத்திற் சித்தப்பிரசாத் 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை வரைந்து மக்கள் முன் வைத்தார். சோம்நாத் ஹோர் 1946இல் தேபாகா உழவர் போராட்டத்தைப் பதிவு செய்தார். மலிவாகப் பல படிகள் எடுக்கக்கூடிய மரவெட்டு, மக்களின் கலையாயிற்று. இச்சாதனை பெரிது. ஆயினும் கொல்விட்ஸின் ‘போர்’த் தொகுதியில் மரமில்லை, நீரில்லை, வானமுமில்லை, மாந்தரைச் சூழ்ந்திருப்பது கருமையோ வெறுமையோ மட்டுமே. துயரத்தின் செறிவுக்கு அது வேண்டியிருந்திருக்கலாம். எனினும் அதனை முன்மாதிரியாகக் கொண்ட நாம், மனிதரைக் காட்டுவதே முற்போக்கு, இயற்கையைக் காட்டுவது கற்பனாவாதம் என்றதொரு பாகுபாட்டுக்கு எளிதிற் பழகிவிட்டோம்.

மூங்கிடம் இயற்கை உண்டு, உழைப்பில்லை. கொல்விட்ஸிடம் உழைக்கும் மாந்தர் உண்டு, இயற்கையில்லை. ஒரே பலகையின் இரு துண்டுகளைப் போல இவ்விரு மரபுகளும் தனித்தனியே எம்மை வந்தடைந்தன. ஈழத்து முற்போக்கு விமர்சனம் கடலைப் பெரும்பாலும் உற்பத்திக் களமாகவும், அதற்கு எதிரணியினர் அழகுப் பொருளாகவும் கண்டமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம். முத்துப்பார் வறண்டபோது மூழ்கியோரின் வாழ்வும் வறண்டது. கடலடி கிளறப்படும்போது சிறுதொழிலாளரின் அடுப்பும் அணைகின்றது. உழைப்பின் அந்நியமாதலும் இயற்கையின் அழிவும் இருவேறு செய்திகளல்ல என்பதை இக்கரை நன்கு காட்டுகின்றது.

6

மூங்கின் இவ்வோவியத்துக்கு முன்னோடியாக 1892ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த வண்ண ஓவியமொன்று இருந்தது. அது 1901இற் கப்பலொன்றில் நேர்ந்த விபத்தில் அழிந்துபோயிற்று. ஒரே படியாக இருந்தது அழிய, பலகையிற் செதுக்கப்பட்டது பல படிகளாகப் பெருகி நிலைத்தது. மூங்க் அதே துண்டுகளுக்கு வெவ்வேறு வண்ணங்களைப் பூசி நீண்ட காலம் மீண்டும் மீண்டும் அச்சிட்டார். சில படிகளிற் கடல் இருண்டும் சிலவற்றில் ஒளிர்ந்தும் காணப்படும். துண்டுகள் அவையே, பொருத்தப்படும் முறையும் பூசப்படும் மையும் மாறுகின்றன. பிரிவு நிலையானதொரு விதியெனின் இம்மாற்றத்துக்கு இடமேது?

மன்னாரைப் பொருளாகக் கொண்டு வரையவும் செதுக்கவும் எழுதவும் முனையும் இளந்தலைமுறையினர் இதிலிருந்து ஒன்றைக் கற்கலாம். பள்ளிமுனையின் பெருக்கமரமும் தீவின் கழுதைகளும் வங்காலையின் பூநாரைகளும் பயணிகளுக்கான அஞ்சலட்டைகளில் ஏற்கனவே நிறைந்துள்ளன. அவற்றை அழகுக்காக மீண்டுமொருமுறை வரைவதனால் ஆவது சிறிது. பெருக்கமரம் அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் மரம். அதன் வேர் இந்து சமுத்திர வணிகத்தின் வரலாற்றிலும் ஊன்றியுள்ளது. பூநாரை இரைதேடும் சேற்றுக்கும் அதனருகே வலை வீசுவோனின் உணவுக்கும் தொடர்புண்டு. அத்தொடர்பைக் காட்டும் கலையே இக்கரைக்கு வேண்டியது. எனினும் எல்லாம் ஒன்றே என்று கூறிப் பிளவுகளை மூடிவிடும் கலையாக அது அமைதல் கூடாது. வெளியேற்றப்பட்டோர் மீண்டுவந்த ஊரிலும், எல்லைக்கோடு ஓடும் கடலிலும், குத்தகைக்குப் போன கரையிலும் வாள் சென்ற தடம் தெரிந்தே தீரும்.

துண்டுகளைப் பொருத்துவதற்கு முதற்கண் அவை ஒரே மரத்தின் துண்டுகள் என்பதை அறிதல் வேண்டும். அடுத்து, அறுத்த கை யாருடையது என்பதை அறிதல் வேண்டும். மூங்கின் மரவெட்டு முதலாவதைக் காட்டி நின்றுவிடுகின்றது. இரண்டாவதை ஆராய்ந்து கூறும் பொறுப்பு மன்னார்க் கரையை அறிந்த எமக்கு உரியது.